பரணிலிருந்து இறக்கிய கிட்டாரை மறுபடி வாசிக்க

ஓய்வு பெற்ற மறுவாரம் பரணைச் சுத்தம் செய்யும்போது என் கிட்டார் கிடைத்தது. ‘கிடைத்தது’ என்பதே பொய். அது 26 வருடமாக அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பழைய படுக்கை விரிப்பில் சுற்றி, மேலே கொலு பொம்மைப் பெட்டியை ஏற்றி வைத்திருந்தோம். இறக்கித் துடைத்து ஒரு ஈ மைனர் கார்ட் பிடித்தேன். மூன்றாவது நிமிடம் விரல் நுனியில் ஊசி குத்தியதுபோல் வலி. “அறுபது வயசுல எதுக்குங்க இதெல்லாம்” என்றாள் மனைவி. எனக்கும் அப்படித்தான் பட்டது.

மறுநாள் ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளந்தேன். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளில் பன்னிரண்டாவதற்கு மேல், தடித்த ஆறாவது கம்பி நான்கு மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. இரண்டரைக்குள் இருக்க வேண்டியது. இருபது வயதுப் பையனிடம் கொடுத்தாலும் கீழே வைத்துவிட்டுப் போயிருப்பான். திரும்ப வாசிக்க ஆசைப்பட்டு ஒரே வாரத்தில் விட்டுவிடுகிற பல பேர் தங்கள் விரலையும் வயதையும் திட்டிக்கொள்கிறார்கள். முதலில் கிட்டாரைப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பொன்மலை ரயில்வே பட்டறையில் 34 வருடம் ஃபிட்டர். கிட்டார் கற்றுக்கொண்டதும் அதே காலனியில்தான். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த ஆங்கிலோ இந்தியன் அங்கிள், ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸ்களில் வாசித்தவர், சாயங்காலம் திண்ணையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். பிறகு திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார். அப்போது மேடையில் பாதி இளையராஜா பாட்டுதான். அவர் பாட்டுகளில் சதானந்தம் வாசித்த கிட்டாரைக் கேசட்டில் திருப்பித் திருப்பிக் கேட்டு, ஒரு பிஜிஎம்முக்கு ஒரு ராத்திரி என்று எடுப்போம். கீபோர்டிலேயே எல்லாம் வந்த பிறகு ரிதம் கிட்டாருக்கு வேலை குறைந்தது. 1997க்குப் பிறகு நான் தொடவில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

பழைய கிட்டார் கையில் வந்ததும் எல்லோரும் செய்வது புதுக் கம்பி வாங்கி மாட்டுவது. நிறுத்துங்கள். ஸ்டீல் கம்பி ஒரு செட் முழுச் சுதியில் நிற்கும்போது கழுத்தையும், முன்பலகையில் கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டையையும் அறுபது, எழுபது கிலோ விசை இழுக்கிறது. பசை விட்டுப்போன பிரிட்ஜ் என்றால் அன்றைக்கே பெயர்ந்து வரும். இருக்கிற பழைய கம்பியைத் தளர்த்தி வைத்துக்கொண்டு முதலில் சோதியுங்கள்.

ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி ஓசையை வைத்து விரிசல் பார்ப்பார்கள். கிட்டாருக்கும் அதே வித்தைதான், சுத்தியலுக்குப் பதில் விரல் முட்டி. கம்பிகள் அதிராதபடி ஒரு துணியைச் செருகிவிட்டு முன்பலகை, பின்பலகை முழுக்க மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். ‘டொக்’ என்று ஒரே மாதிரி கேட்க வேண்டும். எங்காவது ‘சர்ர்’ என்று தகரச் சத்தம் வந்தால் உள்ளே குறுக்குக் கட்டை ஒன்று பசை விட்டிருக்கிறது. மொபைல் டார்ச்சையும் முகக்கண்ணாடியையும் துளை வழியே விட்டுப் பாருங்கள். மரத்தூள் குவிந்திருந்தால் பூச்சி அரித்திருக்கிறது. என்னுடையதில் ஒரு கரப்பான் குடும்பமும் 1995 வருடத்துக் கல்யாண மொய்க் கவர் ஒன்றும் இருந்தன. கவர் காலி.

அடுத்து பிரிட்ஜ். ஏ4 தாள் ஒன்றை அதன் பின்விளிம்பில் நுழைத்துப் பாருங்கள். உள்ளே போகவில்லையென்றால் நல்லது. நகக்கண் அளவுக்கு மேல் போனால் அதைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, மறுபடி ஒட்டிக் கிளாம்ப் போட வேண்டும். அதைப் பழகிய ரிப்பேர்காரரிடம் விடுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று எபாக்சியை மட்டும் உள்ளே விடாதீர்கள். அடுத்து வருகிறவர் பலகையோடு பிய்க்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. பிரிட்ஜில் கம்பியைச் சின்ன ஆணி (பின்) செருகி இறுக்காமல் முடிச்சுப் போட்டுக் கட்டுகிற மாதிரி இருந்தால் அது நைலான் கம்பிக்கான கிளாசிக்கல் கிட்டார். அதில் ஸ்டீல் மாட்டினால் முன்பலகை தொப்பை போட்டுவிடும்.

சுத்தம் செய்வதில் பெரிய வித்தை இல்லை. கம்பியை எல்லாம் கழற்றிவிட்டு, ஃப்ரெட்போர்டை ஈரம் பிழிந்த துணியாலும் பழைய டூத் பிரஷ்ஷாலும் தேயுங்கள். பச்சைப் பாசி மாதிரி வருவது பழைய வியர்வை. மரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, ஃப்ரெட்டுகளை நான்கு ஜீரோ (0000) நம்பர் மிக மெல்லிய ஸ்டீல் வுல்லால் பளபளக்கும்வரை தேய்க்கலாம். அப்புறம் பேபி ஆயில் மூன்று நான்கு சொட்டு, பத்து நிமிடம் கழித்து முழுக்கத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், சிக்கு வாடை வரும். என் கிட்டாரின் ஃப்ரெட்போர்டு ஈட்டி மரம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிற அதே ஈட்டிதான். 1960களின் கடைசியில் பிரேசில் தன் ரோஸ்வுட் மரத்தை வெட்டிய கட்டையாக அனுப்பாமல் நிறுத்தியபோது, அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி உட்படப் பெரிய கிட்டார்காரர்கள் எல்லாம் நம் ஈட்டிக்கு மாறினார்கள். துடைக்கும்போது இதை நினைத்துக்கொண்டால் கொஞ்சம் மரியாதையோடு துடைப்போம்.

சுதி சேர்க்கும் சாவிகளின் பற்சக்கரத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. சாவித் தகட்டின் ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றுகிறதா? தலையைக் கிள்ளிய தீக்குச்சியை ஃபெவிகாலில் நனைத்து ஓட்டையில் செருகி, மீதியை வெட்டிவிட்டுக் காய்ந்ததும் ஸ்க்ரூவை முடுக்குங்கள். எங்கள் வீட்டு ஜன்னல் கொக்கிகள் பாதி இப்படித்தான் நிற்கின்றன.

இப்போது கம்பி வாங்கலாம். கடையில் “பத்து செட்” என்று கேளுங்கள். முதல் கம்பியின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு என்று அர்த்தம். பன்னிரண்டு செட்டில் ஓசை தடிமனாக வரும், உண்மைதான். ஆனால் பழைய கழுத்துக்கும் பழைய விரலுக்கும் பத்துதான் நல்லது. மாட்டியதும் முழுச் சுதிக்கு ஏற்றாமல் அரைச் சுதி கீழே, அதாவது ஈ கம்பியை ஈ ஃப்ளாட்டில் வைத்து ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் ஏற்றி, அதற்கப்புறம்தான் அளவு வேலை. கம்பி இழுவை இல்லாமல் எடுத்த எந்த அளவும் செல்லாது.

அளவு வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கழுத்து, பிறகு நட் (தலைப்பக்கம் கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் துண்டு), கடைசியில் சாடில் (பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் மெல்லிய துண்டு). மாற்றிச் செய்தால் செய்ததையே இரண்டு முறை செய்வீர்கள்.

கழுத்துக்குத் தனிக் கருவி வேண்டாம், கம்பியே நேர்கோல். ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும், கழுத்து உடம்போடு சேரும் ஃப்ரெட்டில் (பெரும்பாலும் பதினான்கு) இன்னொரு கையாலும் அமுக்குங்கள். ஏழாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே இரண்டு ஏ4 தாள் நுழையும் அளவு, சுமார் 0.2 மில்லிமீட்டர், இடைவெளி இருந்தால் போதும். எனக்குத் தபால் கார்டுகள் நான்கு போயின. கழுத்து வில்லாக வளைந்திருந்தது. பரணில் முழுச் சுதியோடு தூங்க விட்டதன் பலன். திருச்சி வெயிலில் கான்கிரீட் கூரைக்குக் கீழே பரண் என்றால் அடுப்புதான்.

கழுத்துக்குள் ட்ரஸ் ராட், அதாவது வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி, இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பக்கம் சின்ன மூடிக்கு அடியிலோ, துளைக்கு உள்ளேயோ அலென் கீ நுழையும் நட்டு இருக்கும். பழைய விலை குறைந்த கிட்டார்கள் பலவற்றில் அசையாத இரும்புப் பட்டை மட்டும்தான் இருக்கும், அதில் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. ட்ரஸ் ராட் இருந்தால், பல வருடம் தொடாத நட்டை எடுத்ததும் முடுக்கக் கூடாது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அரை மணி நேரம் கழித்து, முதலில் கால் சுற்று தளர்த்துங்கள். அசைகிறது என்று தெரிந்த பிறகு கடிகாரச் சுற்றில் கால் சுற்று இறுக்குங்கள். ஒரு நாளைக்குக் கால் சுற்று போதும். மூன்று நாளில் என் கழுத்து நேரானது. பன்னிரண்டாவது ஃப்ரெட் உயரமும் நான்கிலிருந்து மூன்றரைக்கு இறங்கியது. பலம் போட்டால்தான் திரும்பும் என்ற நிலை வந்தால் நிறுத்திவிடுங்கள். பட்டறையில் போல்ட் உடைந்தால் வேறு போல்ட் போடுவோம். இங்கே கழுத்தைத்தான் கழற்ற வேண்டும்.

அடுத்து, கம்பிகள் உட்காரும் நட். இதை யாரும் கவனிப்பதில்லை. முதல் ஃப்ரெட்டில் ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அமுக்க வேண்டிய எஃப் கார்ட் வரமாட்டேன் என்பதற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது. கம்பியை இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டுகளுக்கு நடுவே அமுக்கிக்கொண்டு, முதல் ஃப்ரெட்டில் பாருங்கள். தலைமுடி அளவு இடைவெளி தெரிய வேண்டும். அதிகமாக இருந்தால் நட்டின் பள்ளத்தை ஆழப்படுத்த வேண்டும். அதற்கான அரம் செட் விலை அதிகம். நான் கேஸ் வெல்டிங் நாசில் சுத்தம் செய்கிற கம்பி செட்டை எடுத்துக்கொண்டேன். மெல்லியதிலிருந்து தடிமன்வரை சொரசொரப்பான கம்பிகள், ஹார்ட்வேர் கடையிலேயே கிடைக்கும். தலைப்பக்கம் சற்றுச் சரிவாக, நான்கு இழுப்பு, கம்பியைப் போட்டுப் பார்த்து, மறுபடி நான்கு இழுப்பு. ஆழம் கூடிப்போய்க் கம்பி இரைந்தால் பள்ளத்தில் கொஞ்சம் சமையல் சோடா வைத்து ஒரு சொட்டு இன்ஸ்டன்ட் க்ளூ விடுங்கள், கல்லாகிவிடும். மறுபடி அறுத்துக்கொள்ளலாம்.

கடைசியில் சாடில். கணக்கு எளிது: பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்க, சாடிலில் இரண்டு மில்லிமீட்டர் எடுக்க வேண்டும். ஆறாவது கம்பிக்கு இரண்டரை, முதல் கம்பிக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாடிலை உருவி, பென்சிலில் கோடு போட்டு, அடிப்பக்கத்தைத்தான் தேய்க்க வேண்டும். மேல்பக்கத்தின் வளைவைத் தொடாதீர்கள். கண்ணாடித் துண்டின் மேல் எமரி தாளை ஒட்டி, சாடிலை நிமிர்த்திப் பிடித்துத் தேயுங்கள். சாய்ந்தால் அடி உருண்டு, ஓசை செத்துப்போகும். இரண்டு மில்லி எடுக்க வேண்டிய இடத்தில் நான் பேச்சு சுவாரசியத்தில் மூன்று எடுத்துவிட்டேன். 34 வருட ஃபிட்டர். மூன்றாவது ஃப்ரெட்டில் தொட்டால் தேனீக் கூடு மாதிரி இரைச்சல். புதுச் சாடில் வாங்கும்வரை, அக்கா பேத்தி கல்யாணப் பத்திரிகையில் ஒரு கீற்று வெட்டி அடியில் வைத்தேன். இன்னும் அதுதான் இருக்கிறது, புதுச் சாடில் டிராயரில் தூங்குகிறது.

கிட்டார் ஓசையைப் பெருக்கும் ஆம்ப் பற்றி இரண்டு வார்த்தை. என்னிடம் இருந்தது உள்ளூரில் ஒருவர் கட்டிக்கொடுத்த பெட்டி, பத்து இஞ்ச் ஸ்பீக்கர். பழைய ஆம்பை எடுத்ததும் பிளக்கில் செருகாதீர்கள். இரண்டு பின் வயர் இருந்தால் எர்த்தோடு மூன்று பின் வயராக மாற்றச் சொல்லுங்கள். கிட்டார் கம்பி உங்கள் கையில் இருக்கிறது, அது ஆம்பின் எர்த்தோடு சேர்ந்தது, மறக்க வேண்டாம். வால்யூம் திருகும்போது கரகரவென்றால் கான்டாக்ட் கிளீனரை உள்ளே அடித்து இருபது முறை முன்னும் பின்னும் திருப்பினால் போதும். நிற்காமல் ‘ம்ம்ம்’ என்று முனகினால் பவர் சப்ளை கண்டென்சர் காய்ந்திருக்கலாம், அது மெக்கானிக் வேலை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கும். வால்வ் ஆம்ப் என்றால் உள்ளே முந்நூறு, நானூறு வோல்ட் ஓடும். பின்மூடியைக்கூடத் திறக்காதீர்கள்.

இனி விரல். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டாம். காலை, மதியம், இரவு என்று பத்துப் பத்து நிமிடம். நுனித் தோல் காய்ப்பு ஏற இரண்டு மூன்று வாரம் ஆகும். குளித்த கையோடு உட்காராதீர்கள், ஊறிய தோல் உடனே கிழியும். நுனி எரிந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மணிக்கட்டிலோ கட்டைவிரல் மூட்டிலோ வலி என்றால் அன்றைக்கு மூடிவிடுங்கள். இரண்டாவது ஃப்ரெட்டில் கேபோ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அமுக்கும் கிளிப்) போட்டால் கை குறைவாக விரிந்தால் போதும். முதல் மாதம் அப்படியே வாசியுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை.

நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தேன். மொபைலில் ஒரு நிமிட அலாரம், ஏ மைனரிலிருந்து சி கார்டுக்கு, சி கார்டிலிருந்து ஏ மைனருக்கு. அடிக்கிற கம்பி எல்லாம் தெளிவாகப் பேசிய மாற்றத்தை மட்டும் எண்ணுவது. முதல் நாள் 14, மூன்றாவது வாரம் 35. வேடிக்கை என்னவென்றால், இடது கைதான் எல்லாம் மறந்திருந்தது. வலது கைக்கு ஆறெட்டு தாளம் ஒரு பிசகும் இல்லாமல் வந்தது.

எஃப் ஏழாவது வாரம் வந்தது. அதுவரை முதல் நான்கு கம்பியில் சின்ன எஃப் போட்டு ஓட்டினேன். மேடையிலேயே பல வருடம் அப்படி ஓட்டியவன்தான். பழைய கீபோர்டுகாரனுக்கு போனில் வாசித்துக் காட்டினேன். “மாப்ள, ரெண்டாவது கம்பி இறங்கியிருக்கு, முதல்ல அதை ஏத்து” என்றான். பார்த்தேன், இறங்கித்தான் இருந்தது. புதுக் கம்பி என்றால் முதல் வாரம் இன்னும் அதிகமாக இழுபடும். ஒவ்வொரு கம்பியையும் நடுவில் பிடித்து மெதுவாக இழுத்து விட்டு, மறுபடி சுதி சேருங்கள். இரண்டு மூன்று தடவையில் நிற்கும்.