சூடோமோனாஸ் பயன்படுத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் பக்கத்துத் தோட்டத்தில் தக்காளி நாற்றங்காலுக்குச் சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளைக் கரைத்துத் தெளித்துக்கொண்டிருந்த இளைஞர், அதே டாங்கில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சாணக்கொல்லியையும் கரைத்திருந்தார். பல ஆண்டுகளுக்கு முன் நானும் அதையே செய்தேன். காலாவதி நாளைப் பார்ப்பது போன்ற எல்லாருக்கும் தெரிந்தவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

தாமிர மருந்துடன் கலப்பது

"காப்பர் பூஞ்சாணத்துக்குத்தானே, பாக்டீரியாவை என்ன செய்யும்?" என்று அவர் கேட்டார். தாமிரம் பாக்டீரியாவையும் கொல்லும். எலுமிச்சையில் பாக்டீரியாவால் வரும் சொறி நோய்க்கு நாம் தெளிப்பதும் இதே மருந்துதான். சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் வேரைச் சுற்றிக் குடியேறி, சிடரோஃபோர் என்னும் பொருளைச் சுரந்து மண்ணிலுள்ள இரும்பை நோய்ப் பூஞ்சாணத்துக்குக் கிடைக்காமல் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பூஞ்சாணத்தை ஒடுக்கும் பொருள்களையும் வெளியிடுகிறது. செடியின் எதிர்ப்பாற்றலையும் தூண்டுகிறது. உயிரோடு இருந்தால்தான் இவை நடக்கும். பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவைப் போல உறங்குநிலை வித்தாக மாறிக் கடுமையான சூழலைத் தாங்கும் திறனும் இதற்கு இல்லை.

நான் கலந்த ஆண்டில் நாற்றழுகல் வரவில்லை. அது தாமிரத்தின் வேலை என்பதை உணராமல், வேரில் பாக்டீரியா நிலைத்துவிட்டதென நம்பி, நடவுக்குப் பின் மறுபடி இடாமல் விட்டேன். பூக்கும் தருவாயில் வாடல் நோய் வந்து, வரிசை வரிசையாகச் செடிகளைப் பிடுங்கினோம். இரண்டையும் ஒரே பையில் போட்டு விற்றவர் ஒரு வார்த்தை எச்சரித்திருக்கலாம் என்ற ஆதங்கம் இன்றும் எனக்குத் தீரவில்லை. தாமிரம் கொடுத்த வயலில் இப்போது இரண்டு வாரம் கழித்தே சூடோமோனாஸ் இடுகிறேன். அதற்கெனத் தனித் தெளிப்பானும் வைத்திருக்கிறேன்.

உச்சி வெயிலில் தெளிப்பது

மாலையில் மட்டும் தெளியுங்கள்.

காய்ந்த மண்ணில் வெறும் தூளாகத் தூவுவது

ஹெக்டேருக்கு 2.5 கிலோ தூளை 50 கிலோ மக்கிய தொழு உரத்துடன் கலந்து, ஈரமுள்ள மண்ணில் இட வேண்டும்.

மருந்து பூசிய விதைக்கு மீண்டும் நேர்த்தி செய்வது

சாதாரண விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம் கலப்பது சரி. நிறமேற்றி வரும் வீரிய விதைகளில் பெரும்பாலும் பூஞ்சாணக்கொல்லி ஏற்கெனவே பூசியிருப்பதால், அவற்றுக்கு விதைநேர்த்தியை விட்டு, நடவு நாளில் நாற்றின் வேரைச் சூடோமோனாஸ் கரைசலில் அரை மணி நேரம் நனைத்து நடுகிறேன்.