உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வேகநடையைத் தொடங்குவது எப்படி?

ரத்த அழுத்தம் கூடினால், ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் அதிக விசையோடு ரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கும். வருடக்கணக்கில் இப்படி உழைத்தால் இடது கீழறையின் சுவர் தடித்து விறைத்துப்போகும். வேகநடை, சைக்கிள், நீச்சல் போன்ற ஏரோபிக் பயிற்சிகள் இந்தச் சுமையைக் குறைக்கின்றன. ரத்த ஓட்டம் வேகமெடுக்கும்போது குழாய்களின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடை அதிகம் சுரக்கும். குழாய்கள் தளர்ந்து விரியும். தொடர்ந்து செய்பவர்களுக்கு மேல் அளவு (120/80 என்றால் 120) சராசரியாக 5 முதல் 8 புள்ளி இறங்கும். ஆனால் இது மாத்திரைக்குத் துணைதான், மாற்று அல்ல.

1. முதலில் அளந்து பாருங்கள். சாய்ந்து உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, 5 நிமிடம் பேசாமல் இருந்த பிறகு அளக்க வேண்டும். கை இதய மட்டத்தில் இருக்கட்டும். 180/110-ஐத் தாண்டியிருந்தால் அன்று நடக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே இதய நோய், சர்க்கரை நோய் இருந்தால் தொடங்கும் முன்பே அவரைக் கேட்டுவிடுங்கள்.

2. முதல் வாரம் தினமும் 10 நிமிடம் போதும். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டினால், ஐந்தாவது வாரத்தில் 30 நிமிடத்தை எட்டலாம். வாரத்தில் 5 நாள் நடந்தால் மொத்தம் 150 நிமிடம், அதுதான் இலக்கு.

3. வேகத்தைப் பேச்சால் அளவிடுங்கள். நடக்கும்போது முழு வாக்கியம் பேச வர வேண்டும், பாட வரக் கூடாது. மூச்சு வாங்கிப் பேச்சு அறுந்தால் வேகம் அதிகம். நாடித்துடிப்பை மட்டும் நம்பாதீர்கள்: மெட்டோப்ரோலால், அட்டெனொலால் போன்ற, துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கு எவ்வளவு நடந்தாலும் துடிப்பு அவ்வளவாக ஏறாது. அந்த எண்ணைத் துரத்தினால் அளவுக்கு மீறி உழைத்துவிடுவீர்கள்.

4. சட்டென்று நிற்காதீர்கள். பலரும் தவறுவது இங்கேதான். நடக்கும்போது கால் தசைகள் சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே அனுப்புகின்றன. திடீரென நின்றால் விரிந்த குழாய்களில் ரத்தம் தேங்கும், அழுத்தம் சரியும், கண் இருட்டிக்கொண்டு வரும். குழாயை விரிக்கும் மாத்திரையோ, சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இன்னும் எளிதாக இப்படி ஆகும். அதனால் கடைசி 5 நிமிடம் படிப்படியாக வேகத்தைக் குறையுங்கள். தலை சுற்றினால் உடனே உட்கார்ந்துவிடுங்கள், முடிந்தால் படுத்துக் காலை உயர்த்துங்கள். தொடங்கும்போதும் 5 நிமிடம் மெதுவாக நடப்பது நல்லது.

5. நடந்து முடித்த கையோடு அளக்காதீர்கள். பயிற்சியின்போது மேல் அளவு ஏறுவது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து விட்டுவிடுபவர்கள் உண்டு. அரை மணி நேரமாவது ஓய்வெடுத்து அளங்கள். ஒருமுறை நடந்ததால் இறங்கும் அழுத்தம் பல மணி நேரம், சிலருக்கு ஒரு நாள் வரைகூட நீடிக்கும். ஞாயிறு ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் நடப்பதைவிட நாள்தோறும் அரை மணி நேரம் நல்லது என்பது இதனால்தான்.

நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கமில்லாத மூச்சுத்திணறல், தாறுமாறான துடிப்பு: இதில் எது வந்தாலும் நடையை நிறுத்துங்கள். உட்கார்ந்தும் அடங்காவிட்டால் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

இரண்டு வாரம் விட்டுப்போனால் பலன் கரையத் தொடங்கும். மறுபடி தொடங்கும்போது பழைய நேரத்தில் பாதியிலிருந்து ஏறுங்கள். அளவு நன்றாக இறங்கிவிட்டது என்று நீங்களாகவே மாத்திரையை நிறுத்தாதீர்கள். தேதி போட்டுக் குறித்த அளவுகளை மருத்துவரிடம் காட்டுங்கள், குறைப்பதை அவர் முடிவு செய்யட்டும்.