போதும் என்ற தொகையை முதலில் எழுதுங்கள்

காவலில் இருந்தபடி பிலிப்பி சபைக்கு எழுதிய நிருபத்தில், "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்கிறார் அப்போஸ்தலன் பவுல் (பிலிப்பியர் 4:11). அதில் வரும் "கற்றுக்கொண்டேன்" என்ற சொல்லை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. மனரம்மியம், அதாவது உள்ளதே போதும் என்ற மனநிறைவு, பழகி வருவது என்பதால், அதை வீட்டு வரவு செலவு நோட்டிலிருந்தே தொடங்கலாம்.

மாதத் தொடக்கத்தில் கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து, வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், மருந்து, பெற்றோருக்கு அனுப்புவது, அவசரத்துக்கு ஒதுக்குவது எல்லாவற்றையும் கூட்டி, நம் வீட்டுக்கு இவ்வளவு போதும் என்று ஒரு தொகையை எழுதிவிடுங்கள். விலைவாசியோ உண்மையான தேவையோ கூடினால் அதை உயர்த்தலாம். சம்பளம் கூடியது என்பதற்காக மட்டும் உயர்த்தக்கூடாது. மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லி தம் பிரசங்கம் ஒன்றில், ஆக்ஸ்போர்டில் இருந்த மெதடிஸ்டு இளைஞர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். ஆண்டுக்கு 30 பவுண்டு வந்தபோது 28 பவுண்டில் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்த அவர், வருமானம் 60 ஆனபோதும், 90 ஆனபோதும், 120 ஆனபோதும் அதே 28 பவுண்டில் வாழ்ந்து, கடைசியில் 92 பவுண்டை ஏழைகளுக்குக் கொடுத்தாராம். அந்த அளவுக்கு நம்மால் முடியாமல் போகலாம். ஆனால் அடுத்த சம்பள உயர்வில் பாதியையாவது எழுதிவைத்த அந்தத் தொகைக்கு வெளியே நிறுத்தி வைக்க முடியும்.

கொடுக்க வேண்டியதைச் சம்பளம் வந்த அன்றே கவரில் எடுத்து வைத்துவிடுங்கள், ஏனெனில் மாதக் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் சில்லறைதான். தசமபாகத்தை, அதாவது காணிக்கையாகக் கொடுக்கும் பத்தில் ஒரு பங்கை, மொத்தச் சம்பளத்தில் கணக்கிடுவதா, பிடித்தம் போகக் கைக்கு வருவதிலா என்ற வாதம் எங்கள் வீட்டிலும் நடந்தது. குறைவாகக் கொடுக்க வழி தேடும்போதுதான் அந்தக் கேள்வி எனக்குப் பெரிதாகத் தெரிந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே" என்ற வசனத்தின்படி (2 கொரிந்தியர் 9:7) ஒன்றை முடிவு செய்துவிட்டு வாதத்தை நிறுத்துவதே நல்லது. இன்று விதைத்தால் நூறு மடங்காகத் திரும்பி வரும் என்று சொல்லிக் கேட்பவர்களுக்குக் கொடுப்பதை, என் கருத்தில், முதலீடு என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆலயக் காணிக்கையோடு, அக்கம்பக்கத்துக்கென்றும் ஒரு பங்கு இருக்கட்டும். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் ஒரு குடும்பம் தவிப்பது தெரிந்தால், அவர்கள் கையில் பணத்தைக் கொடுத்து அவர்களைக் கூசவைக்காமல், பள்ளி அலுவலகத்தில் நேரே கட்டிவிட்டு, கட்டியவர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். வலது கை செய்கிறதை இடது கை அறியாதிருக்கக்கடவது என்ற போதனைக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. கைமாற்றாகக் கேட்பவருக்கு, திரும்பி வராவிட்டாலும் நட்பு கெடாத தொகையை மட்டும் கொடுங்கள்.

கடனில் இருப்பவர் கிரெடிட் கார்டில் தேய்த்துக் காணிக்கை கொடுக்க வேண்டியதில்லை. வட்டிக் கடனை அடைப்பதும் கடமைதான். அதுவரை கொடுக்கும் பழக்கம் விட்டுப்போகாமலிருக்கக் கைப்பிடி அரிசி இருக்கிறது. என் அம்மா உலையில் போட அரிசியை அளந்த பிறகு, அதிலிருந்தே ஒரு பிடியை அள்ளி அடுப்படியில் இருந்த பழைய பிஸ்கட் டின்னில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அந்த டின்னைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்குப் போவது என் வேலை.