ஏசி வாங்கும் முன் ஒருமுறை மொட்டைமாடிக்குப் போய் வாருங்கள்

திருச்சியில் 22 வருடமாக வீட்டு பிளான் வரைந்து கொடுக்கிறேன். அப்படிப்பட்ட நானே, 2011-ல் எனக்கென்று கட்டிய வீட்டில் மாடிப் படுக்கையறையை மேற்கே கொண்டுபோய் வைத்தேன். பார்க்க எடுப்பாக இருக்கும் என்று அந்தச் சுவரில் ஐந்தடிக்கு நாலடி கண்ணாடி ஜன்னல் வேறு. முதல் அக்னி நட்சத்திரத்திலேயே அம்மா தலையணையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். "ஊருக்கெல்லாம் வீடு வரையிற, உன் ரூம்ல தோசை சுடலாம்டா" என்றார்.

ரோஷத்தில் ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்டேன். பணம் போனது, வெக்கை கொஞ்சம்தான் குறைந்தது. மேலே தளம் வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும்போது அடியில் தட்டி கட்டி என்ன பயன்? வெயில் கட்டடத்தைத் தொடுவதற்கு முன்பே அதை நிறுத்த வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு கோடை ஆனது.

முதல் வேலைக்குச் செலவே கிடையாது. மே மாதத்தில் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு ஸ்டூலில் ஏறி சீலிங்கில் உள்ளங்கையை வையுங்கள். பிறகு நாலு சுவரையும் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அதுதான் உங்கள் எதிரி. ஐந்து இன்ச் கான்கிரீட் தளத்தைத் தாண்டி வெப்பம் உள்ளே இறங்கச் சில மணி நேரம் ஆகும். ஒன்பது இன்ச் செங்கல் சுவர் என்றால் ஆறிலிருந்து எட்டு மணி நேரம். மதிய வெயில் சாயங்காலம் தலைக்கு மேல் இறங்குகிறது. நாலு மணிக்கு மேற்குச் சுவர் வாங்கிய வெயில் நடு ராத்திரி கட்டிலுக்கு வருகிறது. வெளியே காற்று குளிர்ந்தபின்னும் உள்ளே ஃபேன் அனலை அடிப்பது இதனால்தான்.

தெற்குப் பக்கத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. திருச்சி ஏறக்குறைய 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 20 வாக்கு வரை சூரியன் நமக்கு வடக்கேதான் போகிறது. தெற்குச் சுவரில் நேர் வெயில் படுவதே இல்லை. கோடையில் முழு அடியும் வாங்குவது மொட்டைமாடி, அதற்கடுத்து மேற்குச் சுவர். பணத்தையும் அந்த வரிசையில் செலவழியுங்கள்.

சரி, மொட்டைமாடி. மலிவான வழி சுண்ணாம்புதான். மார்ச் முதல் வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாசியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, கூட்டிக் கழுவி, வெடிப்பு இருந்தால் முதலில் அதை அடையுங்கள். ஒழுகுகிற தளத்துக்கு வெள்ளையடிப்பது புண்ணுக்கு பவுடர் போடுகிற மாதிரி. சுண்ணாம்புக் கல்லை இரும்பு டிரம்மில்தான் ஊற வைக்க வேண்டும். தண்ணீர் முதலில், கல் பிறகு, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. குழம்பு மாதிரி கொதித்துத் தெறிக்கும். நான் பிளாஸ்டிக் வாளியில் போட்டு, வாளியின் அடி இளகிப்போனதைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் இல்லாமல் தொடாதீர்கள். ஒரு ராத்திரி ஊறியதைப் பழைய வேட்டியில் வடிகட்டி, ஃபெவிக்கால் கலந்தேன். எங்கள் 600 சதுர அடிக்கு 15 கிலோ சுண்ணாம்பும் 2 கிலோ ஃபெவிக்காலும் ஆனது.

வெயில் தாழ்ந்த பிறகு தளத்தை நனைத்து, மோர் பதத்தில் முதல் கோட் அடியுங்கள். மறுநாள் அதற்குக் குறுக்குவாட்டில் இரண்டாவது கோட். பதம் கெட்டியானால் பொரிந்து உதிரும்.

கையில் இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்தேன். வெள்ளையடிப்பதற்கு முந்தைய மே மாதம், மதியம் இரண்டரை மணிக்குத் தளத்தின் மேல் 58 டிகிரி. இரவு ஏழு மணிக்கு சீலிங் 42. அடித்த பிறகு வந்த மே மாதம் அதே நேரங்களில் 44, 36. ஒரே வீடு, ஒரே கருவி, அவ்வளவுதான்; ஆனால் அம்மா மேலே வந்து படுக்க அது போதுமாக இருந்தது. ஐப்பசி மழையில் சுண்ணாம்பு பாதி கரைந்துவிடும், வருடா வருடம் அடிக்க வேண்டும். சோம்பல்படுபவர்கள் கூல் ரூஃப் பெயிண்ட் வாங்கலாம். விலை கூடுதல், சில வருடம் தாங்கும். எதை அடித்தாலும் தூசி படிந்தால் வெள்ளையின் வேலை குறையும். மாதம் ஒருமுறை கழுவி விடுங்கள்.

இன்னொரு வழி நிழல் வலை. அதைத் தரையில் விரிக்காதீர்கள், தரையிலிருந்து ஏழடி உயரத்தில் கட்டுங்கள். இடையில் காற்று ஓடினால்தான் பலன். கம்பிப் பைப்பில் இறுக்கிக் கட்ட வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். நான் நைலான் கயிற்றில் கட்டிய வலையை மூன்றாவது வீட்டுத் தென்னையிலிருந்து எடுத்து வந்தேன்.

அடுத்து மேற்கு ஜன்னல். "சன்ஷேடு ரெண்டடி இருக்கே சார்" என்பார்கள். ஏப்ரல் மாதம் ஒரு நாள் சாயங்காலம் நாலேகால் மணிக்கு, ஓரடி ஸ்கேலை மேற்குச் சுவரிலிருந்து வெளியே நேராக நீட்டிப் பிடியுங்கள். அதன் நிழல் சுவரில் ஏழு இன்ச்தான் கீழே இறங்கும். அப்படியானால் இரண்டடி சன்ஷேடு மறைப்பது ஒன்றேகால் அடிகூட இல்லை. நாலடி உயர ஜன்னலை முழுக்க மறைக்கக் கிட்டத்தட்ட ஏழடி நீட்ட வேண்டும். நேரம் ஆக ஆக இது இன்னும் மோசமாகும். சாய்ந்து வரும் வெயிலைப் படுத்த பலகையால் தடுக்க முடியாது, எதிரே நிற்கும் மறைப்புதான் தேவை. ஜன்னலுக்கு வெளியே ஓரடி தள்ளி மூங்கில் தட்டி தொங்கவிட்டேன். கீழே ஒரு முருங்கை வைத்தேன், இரண்டு வருடத்தில் அது மாடியைத் தொட்டுவிட்டது. உள்ளே கனமான திரை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கண்ணாடியைத் தாண்டிய வெயில் ஏற்கனவே உங்கள் அறைக்குள் வந்தாயிற்று.

வெட்டிவேர் தட்டி பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஜூன், ஜூலையில் எங்கள் ஊரில் அடிக்கும் காய்ந்த மேல்காற்றுக்கு, தண்ணீர் தெளித்தால் அருமையாக வேலை செய்யும். சென்னை, கடலூர் பக்கம் காற்றே ஈரம். அங்கே வாசனை மட்டும்தான் மிஞ்சும், புழுக்கமும் கூடும்.

ஜன்னலைத் திறப்பதற்கும் நேரம் இருக்கிறது. காலை ஒன்பதுக்கு மேல் மூடுங்கள். இரவு வெளிக்காற்று அறைக்குள் இருப்பதைவிடக் குளிர்ந்த பிறகு திறங்கள். எங்கள் வீட்டில் அது எட்டு மணி. ஒரு பக்கம் தாழ்வான ஜன்னல், எதிர்ப்பக்கம் உயரத்தில் வெண்டிலேட்டர் என்று இரண்டும் திறந்திருந்தால்தான் சூடான காற்று வெளியேறும். வெண்டிலேட்டர் இல்லாதவர்கள் மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள்.

இனி கட்டப்போகிறவர்களுக்கு. வீடுகளில் மின்சாரத்தை மிச்சப்படுத்த மத்திய அரசு வகுத்த விதித்தொகுப்பான எகோ நிவாஸ் சம்ஹிதா 2018-ல் வந்தது. ஒரு சதுர மீட்டர் கூரை, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பத்தைக் கடத்தக் கூடாது என்கிறது அது. வெறும் ஐந்து இன்ச் கான்கிரீட் தளம் மூன்றுக்கு மேல் கடத்தும். வெதரிங் கோர்ஸ் என்று செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் மூன்று இன்ச் போட்டு, மேலே தட்டு ஓடு பதித்தாலும் இரண்டரை பக்கம்தான் வரும். பழைய முறை என்பதால் அதுவே போதும் என்று நினைக்காதீர்கள். தளத்துக்கு மேல் ஒரு இன்ச் எக்ஸ்பிஎஸ் பலகை (தெர்மாகோல் மாதிரி, ஆனால் கெட்டியான வெப்பத் தடுப்புப் பலகை) வைத்து, அதன்மேல் வெதரிங் கோர்ஸ் போட்டால் ஒன்றுக்குக் கீழே இறங்கிவிடும். பலகை தளத்துக்கு மேலேதான் வர வேண்டும், அடியில் அல்ல.

மேற்குச் சுவருக்கு எலிப்பொறிக் கட்டு கேளுங்கள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை அது. செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவே காற்று இடைவெளி விட்டுக் கட்டுவார்கள். செங்கல்லும் சுமார் கால் பங்கு மிச்சம். பழகாத கொத்தனார் "இதெல்லாம் நிக்காது சார்" என்பார். முதலில் காம்பவுண்டுச் சுவரில் நாலு வரி கட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

மாடிப்படி, பாத்ரூம், ஸ்டோர் ரூம் மூன்றையும் மேற்கே தள்ளிவிடுங்கள். அவை வெயிலை வாங்கிக்கொள்ளட்டும். அங்கே யாரும் படுக்கப் போவதில்லை.