கல்வாழைப் படுகையில் தேங்கிய நீர்

சிங்கப்பூரில் 2011இல் திறக்கப்பட்ட லோரோங் ஹாலூஸ் ஈரநிலம், பழைய குப்பை நிரப்பு நிலத்தின் வழியே கசியும் நீர் சிராங்கூன் நீர்த்தேக்கத்தில் கலக்காதபடி நாணற்படுகைகளைக் கொண்டு அதைச் சுத்திகரிக்கிறது. அதைப் பார்த்துவந்த உற்சாகத்தில், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் சமூகத் தோட்டத்து மீன்குள நீரைச் சுத்திகரிக்க, சரளைக்கல் நிரப்பிய தொட்டியில் கல்வாழையும் வெட்டிவேரும் நட்டேன்.

மூன்றாம் மாதம் நீர் சரளைக்கு மேலே ஏறித் தேங்கி, அழுகிய முட்டை நாற்றம் வீசியது. டெங்கிக்கு அஞ்சும் ஊரில் அண்டைவீட்டு அக்கா முகம் சுளித்ததில் வியப்பில்லை.

செடிகளைத்தான் முதலில் சந்தேகித்தேன், தவறு என்னுடையது. நீர் நுழையும் பக்கம் கையை விட்டுத் தோண்டியபோது, நான் கலந்திருந்த மெல்லிய மணலும் மீன்கழிவும் சேர்ந்து இறுகிய கறுப்புச் சேறு விரல்களில் ஒட்டியது. அங்கே உயிர்வளி நுழையாததால், அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிரிகள் முடங்கி, கந்தக வாயுவை உண்டாக்குபவை பெருகியிருந்தன. சுத்திகரிப்பில் பெரும்பங்கு, வேரிலும் கல்லிலும் ஒட்டிவாழும் நுண்ணுயிரிகளுடையது.

மணலை அள்ளிவிட்டு, நுழைவுப் பக்கத்தில் 20 முதல் 40 மில்லிமீட்டர் வரையிலான கற்களை நிரப்பினேன். கழிவு முன்னரே அடியில் படிய ஒரு பீப்பாயை வைத்தேன். நீர் வெளியேறும் குழாயின் முழங்கை வளைவைத் தாழ்த்தி, நீர்மட்டத்தைச் சரளைக்கு 5 சென்டிமீட்டர் கீழே நிறுத்தினேன். கொசு முட்டையிட இடமில்லாமல் போனது; பத்து நாளில் நாற்றமும் அடங்கியது. பீப்பாய்ச் சேற்றை மாதம் ஒருமுறை வாழைக்கு ஊற்றுகிறேன்.