நிறுத்தி வைத்த பழைய காரை யாரோ இடித்துவிட்டால்: இன்சூரன்ஸ் கேட்பதா, கைக்காசு போடுவதா?

எங்கள் வண்டி 2012 மாடல் வேகன் ஆர். வீட்டு வாசலில் நின்றிருந்தபோது, ராத்திரி ஒரு மினி லாரி ரிவர்ஸ் எடுத்து அதன் பின்பக்கத்தை இடித்துவிட்டுப் போய்விட்டது. பம்பர் உடைந்தது, டிக்கி கதவு உள்ளே அமுங்கியது, ஒரு டெயில் லைட்டும் போனது. இன்சூரன்ஸ், ஒர்க்‌ஷாப் வேலை எல்லாம் முடிந்து வண்டி திரும்பி வந்த பிறகு இதை எழுதுகிறேன். புது காருக்கான ஆலோசனை எங்கும் கிடைக்கிறது. பத்து வயது தாண்டிய காருக்குக் கணக்கே வேறு. அந்தக் கணக்கை யாரும் முழுதாகப் போட்டுக் காட்டுவதில்லை என்பதால், அந்த இடத்தில் மட்டும் நிறைய நேரம் நிற்கப் போகிறேன்.

1. படமும் வீடியோவும்

வண்டியை நகர்த்துவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். நம்பர் பிளேட், அடிபட்ட இடம், கீழே கிடக்கும் கண்ணாடித் துண்டு, தெரு முழுவதும் தெரிகிற மாதிரி ஒன்று. அது போதும்.

பக்கத்துக் கடை, எதிர் வீட்டு சிசிடிவியை அன்றைக்கே கேளுங்கள். சிறிய கடைகளில் பழைய பதிவு அழிந்து அதன் மேலேயே புதியது ஏறிக்கொண்டிருக்கும். அடுத்த வாரம் போனால் ஒன்றும் இருக்காது. பென் டிரைவில் எடுத்துத் தர அவர்களுக்குத் தெரியவில்லை என்றால், திரையில் ஓடவிட்டு உங்கள் போனில் பிடித்துக்கொள்ளுங்கள். திரையில் தேதியும் நேரமும் தெரிய வேண்டும்.

இடித்த வண்டியின் நம்பர் கிடைத்தால் அரசின் வாகன விவரச் செயலியான எம்பரிவாஹனில் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர் பாதி மறைந்திருக்கும். ஆனால் இன்சூரன்ஸ் எந்தக் கம்பெனி, எந்தத் தேதி வரை என்பது தெரியும்.

2. போலீஸ்

யாருக்கும் காயம் இல்லை என்றால் பெரும்பாலும் எஃப்ஐஆர் வரை போகாது. ஆனாலும் ஒரு புகார் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிவிடுங்கள். இடித்தவர் தெரியாத நிலையில் இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கும் முதல் காகிதம் அது.

இடித்தவர் அகப்பட்டு, பணம் தருகிறேன் என்று சொன்னால், சிறிய சேதத்துக்கு அதுவே நல்லது. ஆனால் அவரிடம் பணம் வாங்கி "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு உங்கள் இன்சூரன்ஸிலும் கேட்காதீர்கள். அவரிடமிருந்து பணத்தை வசூலிக்கும் உரிமை உங்கள் கம்பெனிக்கு உண்டு. நீங்கள் எழுதிக் கொடுத்த அந்தத் தாள் அதைக் கெடுத்துவிடும்.

3. உங்கள் பாலிசி எந்த வகை?

பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர் தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் இழப்புக்கானது) மட்டும் போட்டிருப்பார்கள். அதில் உங்கள் காருக்கு ஒரு பைசா வராது. இடித்த வண்டியின் தேர்ட் பார்ட்டி பாலிசியில் கேட்கலாம், ஆனால் அதற்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். இருபதாயிரம் ரூபாய் சேதத்துக்கு அந்த அலைச்சலைப் பரிந்துரைக்க மாட்டேன். லட்சக்கணக்கில் போனால் தாமதிக்காமல் வக்கீலைப் பாருங்கள், காலவரம்பு உண்டு.

நம் வண்டியின் சேதத்துக்கும் சேர்த்த ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தால் மேலே படியுங்கள்.

4. கணக்கு: பலர் சறுக்கும் இடம்

"க்ளைம் பண்ணினால் நோ க்ளைம் போனஸ் போய்விடும், வேண்டாம்" என்று எல்லோரும் சொல்வார்கள். க்ளைம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடிதான் அந்த போனஸ். அது போவது உண்மைதான். வண்டி சும்மா நின்றிருந்தது, நம் மேல் தப்பே இல்லை என்றாலும் போகும். ஆனால் பழைய வண்டிக்கு அதைவிடப் பெரிய அடி தேய்மானத்தில் விழுகிறது.

பம்பர் டு பம்பர் பாலிசி (தேய்மானம் கழிக்காமல் தருவது) இல்லாத காரில், மாற்றும் பாகத்தின் முழு விலையைத் தர மாட்டார்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு வண்டியின் வயது எதுவானாலும் 50 சதவீதம் கழிப்பார்கள். இரும்புப் பாகங்களுக்கு வயதைப் பொறுத்து: ஐந்து முதல் பத்து ஆண்டு வரை 40 சதவீதம், பத்தைத் தாண்டினால் 50. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. கூலிக்கும் இல்லை. பெயின்டிங் பில்லில் கால் பங்கைப் பெயின்ட் விலையாக எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள். கடைசியாக, ஒவ்வொரு க்ளைமிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு: 1500 சிசி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000.

கணக்கு புரிவதற்காக ஜிஎஸ்டியை விட்டுவிட்டு முழு எண்களாகப் போடுகிறேன். பம்பர் 3,000, டெயில் லைட் 2,000, டிக்கி கதவு 9,000, டிங்கரிங் கூலி 4,000, பெயின்டிங் 10,000. மொத்தம் 28,000. இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்வது: 1,500, 1,000, 4,500, 4,000, 8,750. கூட்டினால் 19,750. கட்டாயக் கழிவு போக 18,750. உங்கள் கையிலிருந்து 9,250.

இப்போது போனஸ். பாலிசித் தாளில் "ஓன் டேமேஜ்" (நம் வண்டியின் சேதத்துக்கான) பிரீமியம் தனியாக இருக்கும். போனஸ் அதில் மட்டும்தான் கழியும், தேர்ட் பார்ட்டி தொகையில் இல்லை. போனஸ் கழிக்கும் முன் அந்தப் பிரீமியம் 3,000 என்றும் நீங்கள் 50 சதவீதத்தில் இருக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். க்ளைமுக்குப் பிறகு போனஸ் பூஜ்யத்தில் தொடங்கி 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50-ஐத் தொடும். அதுவரை இழப்பது 50, 30, 25, 15, 5. ஆக 125 சதவீதம், அதாவது 3,750 ரூபாய், ஐந்து வருடத்தில்.

உங்கள் உண்மையான செலவு 9,250-உம் 3,750-உம் சேர்த்து 13,000. இந்தத் தொகையை ஒப்பிட வேண்டியது ஒர்க்‌ஷாப் சொன்ன 28,000-உடன் அல்ல. பழைய பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் ஒரு டிக்கி கதவு வாங்கி, தெரிந்த டிங்கரிடம் கொடுத்தால் மொத்தம் எவ்வளவு ஆகுமோ, அதனுடன். அவர் 14,000 சொன்னால் க்ளைம் போடுங்கள், அதே காசுக்குள் புதுப் பாகமே கிடைக்கிறது. 9,000 சொன்னால் யோசியுங்கள்.

பம்பர் மட்டும் உடைந்திருந்தால்? பம்பர் 3,000, பெயின்ட் 3,000, கூலி 500, மொத்தம் 6,500. இன்சூரன்ஸ் தருவது 3,625. நீங்கள் போடுவது 2,875, அதோடு போனஸ் இழப்பு 3,750, ஆக 6,625. மொத்தப் பில்லைவிட அதிகம்! இப்படிப்பட்ட சேதத்துக்குக் கம்பெனிக்குப் போனே செய்ய வேண்டாம்.

இன்னொன்றும் பாருங்கள். ரிப்பேர் செலவு ஐடிவியில் (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை "டோட்டல் லாஸ்" என்று முடித்துவிடுவார்கள். 80,000 ஐடிவி போட்ட கார் 60,000 எஸ்டிமேட்டிலேயே அந்தக் கோட்டுக்கு வந்துவிடும். ஐந்து வருடம் தாண்டிய காருக்கு ஐடிவி பேசி முடிவு செய்வதுதான். பிரீமியத்தில் சில நூறு ரூபாய் மிச்சம் என்று ரினியூவலில் அதைக் குறைத்துவிடாதீர்கள்.

5. சர்வே

தகவல் சொன்னதும் க்ளைம் நம்பர் தருவார்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்த்து முடிக்கும்வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். சேதம் 50,000-க்குக் கீழே என்றால் வெளி சர்வேயர் கட்டாயமில்லை; கம்பெனி ஆளோ வீடியோ காலோ போதும் என்பார்கள். நேரில் வரச் சொல்லிக் கேளுங்கள். வீடியோவில் டிக்கி கதவின் இடைவெளி தெரியாது.

பம்பரைக் கழற்றிய பிறகுதான் உள்ளே வளைந்த தகடு தெரியும். அப்போது வேலையை நிறுத்தி, படம் எடுத்து, கூடுதல் எஸ்டிமேட் அனுப்பி, சர்வேயர் ஒத்துக்கொண்ட பிறகே தொடர வேண்டும். பல ஒர்க்‌ஷாப்களில் "அப்புறம் பில்லில் சேர்த்துக்கலாம் சார்" என்பார்கள். சேராது. கழற்றிய பழைய பாகங்களையும் பணம் வரும்வரை வைத்திருக்கச் சொல்லுங்கள், மறுபடி வந்து பார்ப்பதுண்டு.

6. ரிப்பேர்

பழைய காருக்கு கம்பெனி சர்வீஸ் சென்டரைவிட, பெயின்ட் பூத் வைத்திருக்கும் நல்ல மல்டிபிராண்ட் ஒர்க்‌ஷாப்பே என் தேர்வு. ஜிஎஸ்டி பில் தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். பெயின்ட் பி.யூ. (பாலியூரித்தேன்) வகையாக இருக்கட்டும். வெயிலில் வெளுத்த வண்டியில் ஒரு மூலைக்கு மட்டும் அடித்தால் திட்டாகத் தெரியும், அந்தப் பேனல் முழுக்க அடிக்கச் சொல்லுங்கள். வண்டி எடுக்கும்போது ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். இரும்புப் பேனலில் அது ஒட்டாத இடத்தில், பள்ளத்தை நிரப்பும் பட்டியை (புட்டி) அப்பியிருக்கிறார்கள். டிக்கியை மூடி, மேலே தண்ணீர் ஊற்றி, உள்ளே கசிகிறதா என்றும் பாருங்கள். மழைக்காலத்தில் கண்டுபிடித்தால் மறுபடி அலைய வேண்டும்.

பின்சேர்க்கை: கமென்டில் இரண்டு பேர் கேட்டவை.

க்ளைம் படிவத்தில் "ஓட்டுநர்" பகுதியை என்ன செய்வது? காலியாக விடாதீர்கள். "வண்டி நின்றிருந்தது, உள்ளே யாரும் இல்லை" என்று எழுதி, கடைசியாக நிறுத்தியவர் பெயரையும் லைசென்ஸையும் கொடுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார், ஆர்சி மாறிவிட்டது, பாலிசி இன்னும் பழைய ஓனர் பெயரில் இருக்கிறது என்றால்? வாங்கிய 14 நாளுக்குள் மாற்ற விண்ணப்பித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓன் டேமேஜ் க்ளைமை மறுத்துவிடுவார்கள். இன்றைக்கே ஆர்சியையும் பாலிசியையும் பக்கத்தில் வைத்துப் பெயரைச் சரிபாருங்கள்.

நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருடத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.