பியர்டட் டிராகன் தொட்டிக்குச் சூடு

முதலில், சூடாகும் செயற்கைக் கல்லை வாங்கவே வாங்காதீர்கள். வயிறு சுடுவது பியர்டட் டிராகன் என்னும் இந்த ஓணான் வகைப் பிராணிகளுக்குச் சட்டென்று உறைக்காது, அதன் மேலேயே படுத்துக் கிடந்து தோல் வெந்துபோகும். இது ஆஸ்திரேலிய வறண்ட நிலத்துப் பிராணி, மேலிருந்து விழும் வெயிலுக்கே பழகியது. அதனால் ஒரு முனையில் மட்டும் மேலே விளக்கு, கீழே தட்டையான கல். கல்லின் மேல் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கட்டும், மறுமுனைக்கு 25 போதும், சூடு அதிகமானால் அது தானே நகர்ந்துகொள்ளும். சூட்டை அளந்து விளக்கைத் தானே அணைத்துப் போடும் தெர்மோஸ்டாட் கட்டாயம் வேண்டும். அதன் சென்சாரைக் கல்லருகே அசையாமல் கட்டுங்கள், நழுவிக் குளிர்ந்த பக்கம் விழுந்தால் அங்கே அளந்துகொண்டு விளக்கு அணையாமல் எரியும். அப்புறம், விளக்குக்குப் பதில் வெளிச்சமில்லாமல் சூடு மட்டும் தரும் பீங்கான் ஹீட்டர் என்றால் பீங்கான் ஹோல்டரும் கம்பிவலையும் சேர்த்தே வாங்குங்கள். குளிர்ந்த முனையிலும் வாயைத் திறந்தபடி இருந்தால், உடனே சூட்டைக் குறையுங்கள்.